நாளை யார் எறிகிறார்? – பேஸ்பாலில் தொடர் வெற்றியும் தொடர் தோல்வியும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

1988 ஏப்ரல் 4 அன்று பால்டிமோர் நகரின் மெமோரியல் ஸ்டேடியத்தில் பேஸ்பால் பருவத்தின் முதல் ஆட்டம். உள்ளூர் அணியான ஓரியோல்ஸ், மில்வாக்கி புரூவர்ஸிடம் 12-0 என்று தோற்றது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பருவத்துக்கு 162 ஆட்டங்கள். முதல் நாள் தோல்வி என்பது கல்யாணத்தில் முதல் பந்திக்கு உப்புக் குறைந்ததுபோல. அடுத்த பந்திக்குள் சரிசெய்துவிடலாம்.

சரியாகவில்லை. ஆறு ஆட்டம், ஆறு தோல்வி. மேலாளர் கால் ரிப்கன் சீனியரை நிர்வாகம் வீட்டுக்கு அனுப்பியது. அந்த அணியில் அப்போது அவருடைய இரண்டு மகன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள்: ஷார்ட்ஸ்டாப்பில் கால் ரிப்கன் ஜூனியர், பக்கத்திலேயே இரண்டாம் பேஸில் பில்லி. அப்பாவின் வேலையைப் பறித்த அதே அணிக்காக மட்டையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டிய நிலை இருவருக்கும். புதிய மேலாளராக வந்த ஃபிராங்க் ராபின்சன் சாதாரண ஆள் இல்லை. மேஜர் லீக்கில் அடங்கிய இரண்டு லீக்குகளிலும் ‘மிக மதிப்புமிக்க வீரர்’ விருதை வாங்கியவர் அன்றைக்கு அவர் ஒருவர்தான். மேஜர் லீக்கின் முதல் கறுப்பின மேலாளரும் அவரே. அவர் வந்தும் ஒன்றும் நடக்கவில்லை. மேலும் 15 ஆட்டங்கள் வரிசையாகப் போயின. பருவத் தொடக்கத்தில் ஓர் அணி தொடர்ந்து தோற்றதில் அதுவரை இருந்த உச்சம் 13. ஓரியோல்ஸ் 21-ஐத் தொட்டது.

நகரம் இதை வேடிக்கையாகவும் துக்கமாகவும் ஒரே நேரத்தில் எடுத்துக்கொண்டது. அணி ஜெயிக்கும்வரை ஒலிபரப்பை விட்டு நகர மாட்டேன் என்று சபதம் போட்ட உள்ளூர் வானொலி அறிவிப்பாளர் ஒருவர் 258 மணி நேரம் நிலையத்திலேயே கிடந்தார். அதிபர் ரீகன் தொலைபேசியில் ராபின்சனைக் கூப்பிட்டு ஆறுதல் சொன்னார். ஏப்ரல் 29 அன்று சிகாகோவின் கொமிஸ்கி பார்க்கில், எடி மர்ரி ஒரு ஹோம் ரன், கால் ரிப்கன் ஜூனியர் ஒரு ஹோம் ரன் என்று அடிக்க, ஓரியோல்ஸ் 9-0 என்று ஜெயித்தது. அடுத்த இரண்டு ஆட்டங்களில் மறுபடியும் தோல்வி. ஒரு வெற்றி, 23 தோல்வியோடு அணி மே 2 அன்று ஊர் திரும்பியபோது அரங்கில் 50,402 பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

இந்த 21 தோல்விகளைப் பார்க்கும் எவரும் கேட்கும் கேள்விதான் இந்தச் சொற்பொழிவின் பொருள். பத்தாவது தோல்வி பதினோராவது தோல்வியை இழுத்து வந்ததா? வெற்றி வெற்றியைப் பெறுகிறதா? வர்ணனையாளர்கள் ‘மொமென்டம்’ என்கிறார்கள். பள்ளி இயற்பியல் புத்தகம் அதை உந்தம் என்கிறது. ஓடுகிற ரயிலுக்கு உந்தம் இருக்கிறது, அளந்து சொல்லலாம். ஓர் அணிக்கு இருக்கிறதா?

பேஸ்பால் பார்த்துப் பழக்கமில்லாத அவைக்கு ஒரே ஒரு விஷயம் புரிந்தால் மீதி தானாக விளங்கிவிடும். கிரிக்கெட்டில் ஐந்தாறு பேர் மாறி மாறிப் பந்து வீசுவார்கள். பேஸ்பாலில் ஆட்டத்தைத் தொடங்கும் பிட்ச்சர் ஐந்தாறு இன்னிங்ஸ்வரை ஒவ்வொரு பந்தையும் தானே எறிகிறார். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் தொண்ணூறு, நூறு பந்துகளை எறிந்த தோள் மறுநாள் வேலைக்கு ஆகாது. நான்கைந்து நாள் ஓய்வு வேண்டும். அதனால் அணிகள் இன்று பொதுவாக ஐந்து பேரைச் சுழற்சியில் வைத்திருக்கின்றன. இன்று 10-0 என்று எதிரணியை நொறுக்கியவர்கள் நாளை மைதானத்துக்கு வரும்போது, நொறுங்கிய பிட்ச்சர் அங்கே எறிய மாட்டார். தங்களுக்காக அருமையாக எறிந்தவரும் தோளில் ஐஸ் கட்டிக்கொண்டு பெஞ்சில் இருப்பார். ஆட்டத்தின் போக்கைப் பெருமளவு தீர்மானிக்கிற இரண்டு ஆட்களுமே மாறிவிடுகிறார்கள். நேற்றைய வேகத்தை இன்றைக்குக் கொண்டுவருவது யார்?

ஓரியோல்ஸை 1970-களில் ஓகோவென்று நடத்திய மேலாளர் ஏர்ல் வீவர், உந்தம் என்று யாராவது பேச்செடுத்தால், நாளைக்கு எறியப்போகிறவன்தான் உந்தம் என்று சொல்லிவிடுவார். பேஸ்பால் உலகில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் வாக்கு அது. வீவர் சிடுமூஞ்சிக்குப் பேர்போனவர். ஆனால் கணக்கில் கெட்டி.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். சரிபாதி திறமையுள்ள ஓர் அணியை, ஒவ்வோர் ஆட்டமும் ஒரு நாணயச் சுண்டல் என்று வைத்துக்கொண்டால், 162 முறை சுண்டும்போது எங்கோ ஓரிடத்தில் ஆறேழு தலை வரிசையாக விழும். இன்னோர் இடத்தில் ஆறேழு பூவும் விழும். அதாவது நடுத்தரமான ஓர் அணி எந்த மாயமும் இல்லாமல் ஒரு வாரம் வெல்ல முடியாததாகத் தோன்றும். வேறொரு வாரம் கலைத்துவிட வேண்டியதாகத் தோன்றும். இரண்டு வாரங்களுக்கும் செய்தித்தாளில் காரணம் எழுதப்படும். வென்ற வாரத்தில் ஓய்வறையில் சிரிப்பு, பாட்டு, ஒற்றுமை. தோற்ற வாரத்தில் ஓய்வறையில் முணுமுணுப்பு. பெரும்பாலும் இரண்டு செய்தியும் உண்மையாகவே இருக்கும். எது காரணம், எது விளைவு என்பதைத்தான் மாற்றி எழுதியிருப்பார்கள்.

நல்ல அணிகளின் நீண்ட தொடர்களுக்கு வருவோம். 2002-ல் ஓக்லாந்து அத்லெடிக்ஸ் ஆகஸ்ட் 13-லிருந்து செப்டம்பர் 4 வரை 20 ஆட்டங்களை வரிசையாக ஜெயித்தது. அமெரிக்கன் லீக்கில் அன்றுவரை யாரும் செய்யாதது. மைக்கேல் லூயிஸ் எழுதிய ‘மணிபால்’ புத்தகமும் பிராட் பிட் நடித்த படமும் இந்த அணியை உலகம் முழுக்கக் கொண்டுசேர்த்தன. அந்தப் பருவத்தில் ஓக்லாந்து மொத்தம் 103 ஆட்டங்களை வென்றது. நூற்றுக்கு அறுபத்து மூன்றுக்கு மேல். அவ்வளவு வலுவான ஓர் அணி, வெறும் திறமையையும் தற்செயலையும் மட்டும் வைத்து, ஒரு பருவத்தில் 20 தொடர் வெற்றி காண எவ்வளவு வாய்ப்பு? கையால் போடக்கூடிய கணக்குதான்: ஏறத்தாழ 160 பருவங்களுக்கு ஒரு முறை. முப்பது அணிகள், நூறாண்டுக்கும் மேலான வரலாறு, அதில் எத்தனையோ வலுவான அணிகள் என்று பார்த்தால் எங்காவது ஒன்றிரண்டு நடந்தே தீரும். அது ஓக்லாந்தாக அமைந்தது.

அந்த இருபதாவது ஆட்டத்தைக் கிட்ட நின்று பார்ப்பது நல்லது. உந்தம் பற்றிப் பேசுகிறவர்களுக்கு அதைவிடச் சங்கடமான ஆட்டம் வேறு இல்லை. எதிரணி கான்ஸாஸ் சிட்டி ராயல்ஸ். அரங்கில் 55,528 பேர். மூன்று இன்னிங்ஸ் முடிந்தபோது ஓக்லாந்து 11-0 என்று முன்னிலை. பத்தொன்பது வெற்றிகளின் வேகம், பதினோரு ரன்களின் மெத்தை. உந்தம் என்று ஒன்று இருந்தால் அன்று அது மலையளவு இருந்திருக்க வேண்டும். நான்காவது இன்னிங்ஸில் ராயல்ஸ் ஐந்து ரன் எடுத்தது. எட்டாவதில் இன்னும் ஐந்து. ஒன்பதாவதில் இரண்டு பேர் அவுட்டான பிறகு கடைசி ரன்னையும் எடுத்து 11-11 என்று சமன் செய்தது. இப்போது உந்தம் யார் பக்கம்? அரங்கில் இருந்த எவரைக் கேட்டிருந்தாலும் ராயல்ஸ் பக்கம் என்றுதான் கையைக் காட்டியிருப்பார்.

ஒன்பதாவது இன்னிங்ஸின் கீழ்ப்பாதியில் ஸ்காட் ஹாட்டெபெர்க் மாற்று பேட்டராக வந்தார். அன்றைய ஆரம்பப் பட்டியலில்கூட அவர் பெயர் இல்லை. பாஸ்டனில் கேட்ச்சராக இருந்தவர். முழங்கை நரம்பு பாதித்து, பந்தை ஒழுங்காகத் திருப்பி எறிய முடியாமல் போனதால் வேண்டாம் என்று விடப்பட்டவரை, பேஸுக்கு எப்படியாவது போய்ச் சேரும் சாமர்த்தியம் இருக்கிறது என்பதற்காக ஓக்லாந்து எடுத்து முதல் பேஸில் நிறுத்தியிருந்தது. ஜேசன் கிரிம்ஸ்லி எறிந்த பந்தை அவர் அரங்கின் வலப்பக்கச் சுவரைத் தாண்டி அனுப்பினார். 12-11. பதினோரு ரன் முன்னிலை கரைந்ததற்கும் உந்தம், கரைந்த பின்னும் ஜெயித்ததற்கும் உந்தம் என்றால், அந்தச் சொல்லுக்கு வேலை எதுவும் மிச்சமில்லை.

இரண்டு நாள் கழித்து மினசோட்டாவில் ஓக்லாந்து 6-0 என்று தோற்றது. அக்டோபரில் பிளேஆஃப் முதல் சுற்றிலேயே அதே மினசோட்டா அணி அதை வெளியேற்றியது. 2017-ல் கிளீவ்லாந்து 22 ஆட்டங்களை வரிசையாக வென்று ஓக்லாந்தின் சாதனையை முறியடித்தது. அதுவும் முதல் சுற்றில், யாங்கீஸுக்கு எதிராக 2-0 என்று முன்னிலை பெற்றுவிட்டு, அடுத்த மூன்றையும் விட்டது. 1916-ல் ஜான் மெக்ராவின் நியூயார்க் ஜயன்ட்ஸ், இடையில் சமனான ஓர் ஆட்டத்தைத் தவிர்த்து, 26 ஆட்டங்களைத் தோல்வியே இல்லாமல் முடித்தது. இன்றுவரை நிற்கும் சாதனை. அந்த ஆண்டு ஜயன்ட்ஸ் பிடித்த இடம் நான்காவது. 2007-ல் கொலராடோ ராக்கீஸ் 22 ஆட்டங்களில் 21-ஐ ஜெயித்து இறுதிப் போட்டியான உலகத் தொடருக்குப் போய், அங்கே நான்கு ஆட்டங்களிலும் தோற்றது. உலகத் தொடருக்கு முன் கிடைத்த எட்டு நாள் இடைவெளிதான் அவர்கள் சூட்டைத் தணித்துவிட்டது என்றார்கள் பலர். எட்டு நாள் ஓய்வுக்குப் பின் ஜெயித்திருந்தால், புத்துணர்ச்சியோடு வந்தார்கள் என்று எழுதியிருப்பார்கள்.

2004 பாஸ்டன் ரெட் சாக்ஸ் கதை பேஸ்பால் ரசிகர் எல்லோருக்கும் தெரிந்தது. லீக் இறுதித் தொடரில் யாங்கீஸிடம் மூன்றாவது ஆட்டத்தில் 19-8 என்று அடி வாங்கி, 0-3 என்று பின்தங்கி, அங்கிருந்து எட்டு ஆட்டங்களைத் தொடர்ந்து வென்று உலகத் தொடரையே தூக்கியது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இதைத் தனிக்கதைகளாக விடாமல் முறையாக எண்ணிப் பார்த்தவர்களும் உண்டு. ரோஜர் வெர்ஜின் என்ற ஆய்வாளர் 1996 பருவத்தின் 28 மேஜர் லீக் அணிகளின் முடிவுகளை வரிசையாக எடுத்துச் சோதித்தார். தொடர்ந்து ஜெயித்துவரும் அணி அடுத்த ஆட்டத்தையும் ஜெயிக்கும் வாய்ப்பு அதன் வழக்கமான அளவைவிடக் கூடியிருந்ததா? தொடர்களின் எண்ணிக்கையும் நீளமும் தற்செயல் கொடுக்கக்கூடியவையாகவே இருந்தன. அணி என்ற அளவில் கேள்வி கிட்டத்தட்ட முடிந்துவிட்டது எனலாம். கிட்டத்தட்ட என்று சொல்வதற்குக் காரணம் அந்த ஓரியோல்ஸ்தான். முதல் 21 ஆட்டங்களைக் கழித்துவிட்டால் மீதிப் பருவத்தில் அது 54 வெற்றி, 86 தோல்வி. அப்படிப்பட்ட ஓர் அணி பருவத்தை 21 தோல்விகளோடு தொடங்குவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 28,000-க்கு ஒன்று. ஏப்ரலில் ஆடிய அணி உண்மையிலேயே மற்ற மாதங்களைவிட மட்டமாக இருந்திருக்க வேண்டும். அதற்கு மனம் காரணமா, கையிருப்பில் இருந்த பிட்ச்சர்கள் காரணமா என்பதை அந்த ஒரு மாதத்தை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

தனி வீரர் என்று வரும்போது விஷயம் சுவாரசியமாகிறது. 1985-ல் தாமஸ் கிலோவிச், ராபர்ட் வலோன், ஏமாஸ் ட்வெர்ஸ்கி மூவரும் கூடைப்பந்தில் ‘சூடான கை’ என்ற நம்பிக்கையைச் சோதித்து, அது வெறும் மனமயக்கம் என்று அறிவித்தார்கள். பேஸ்பால் பேட்டர்களைப் பற்றி 1993-ல் கிறிஸ்டியன் ஆல்பிரைட் செய்த ஆய்வும் ஏறக்குறைய அதையே சொன்னது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இது பாடப்புத்தக உண்மையாக இருந்தது. ஆட்டக்காரர்கள் நம்பவில்லை, பேராசிரியர்கள் அவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.

சிரித்ததில் ஓர் ஓட்டை இருந்தது. ஜோஷுவா மில்லர், ஆதம் சன்ஹூர்ஹோ என்ற இருவர் 2018-ல் அதை வெளிக்கொண்டுவந்தார்கள். ஒரு நாணயத்தை மூன்று முறை சுண்டுங்கள். ஒரு தலைக்கு அடுத்து எத்தனை தடவை மறுபடி தலை விழுந்தது என்று விகிதம் எடுங்கள். மூன்று சுண்டலுக்கு மொத்தம் எட்டு வரிசைகள். அவற்றில் இரண்டில், தலைக்குப் பிறகு சுண்டலே இல்லாததால், விகிதம் எடுக்க முடியாது. மீதி ஆறு வரிசைகளின் விகிதங்களையும் கூட்டிச் சராசரி எடுத்தால் பாதி வரும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். வருவது பன்னிரண்டில் ஐந்து. பாதிக்கும் குறைவு. காகிதத்தில் எழுதிப் பார்த்தால் இரண்டு நிமிட வேலை. நேர்மையான நாணயமே இந்த அளவையில் ‘தலைக்குப் பின் பூ’ என்று சாய்ந்து காட்டுகிறதென்றால், வீரர் ஒருவரின் விகிதம் சரியாகப் பாதி என்று வரும்போது அது சூடு இல்லை என்பதற்குச் சான்றல்ல, இருக்கிறது என்பதற்கே சான்று. இத்தனை பேர் இத்தனை ஆண்டுகள் இதைக் கவனிக்காமல் போனது உளவியலுக்கே ஒரு பாடம்.

பிரெட் கிரீன், ஜெஃப்ரி ஸ்வீபெல் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் பேஸ்பாலையே எடுத்துக்கொண்டார்கள். பன்னிரண்டு பருவங்கள், ஏறத்தாழ இருபது லட்சம் பேட்டிங் முறைகள். ஒருவரின் கடைசி 25 முறைகள் எப்படிப் போயின என்று பார்த்து, அடுத்த முறையைக் கணிக்க அது உதவுகிறதா என்று சோதித்தார்கள். உதவியது. அதைவிட முக்கியமானது அவர்கள் சொன்ன காரணம். கூடைப்பந்தில் ஒருவர் சூடாக இருந்தால் எதிரணி இரண்டு பேரை அவர்மேல் ஏவிவிடும். அதனால் அவருடைய சூடு கணக்கில் தெரியாமல் மறைந்துவிடும். பேஸ்பாலில் அப்படி ஆளை ஏவ முடியாது. பேட்டரும் பிட்ச்சரும் நேருக்கு நேர். பிட்ச்சரால் செய்ய முடிந்ததெல்லாம் எட்டாத பந்தாக நான்கு எறிந்து, அவரை ‘வாக்’கில் முதல் பேஸுக்கு அனுப்பிவிடுவதுதான். சூடான பேட்டர்களுக்கு வாக் கூடுதலாகக் கிடைத்ததும் தரவில் தெரிந்தது. பேட்டரின் அடிப்படைத் திறமையைச் சரியாகக் கழித்தார்களா என்று இந்த ஆய்வைக் கேள்வி கேட்ட புள்ளியியலர்களும் உண்டு. அந்தச் சண்டை ஓயவில்லை. ஆனால் ஒன்று தெளிவு: சூடு உண்மையோ பொய்யோ, எதிரில் நிற்பவர் அதை நம்பி நடந்துகொள்கிறார். தொடரின் முதல் விளைவு அங்கேதான்.

ஜோ டிமாஜியோவைப் பற்றிப் பேசாமல் இந்தப் பொருளை முடித்தால் பேஸ்பால் ரசிகர்கள் மன்னிக்க மாட்டார்கள். 1941 மே 15-லிருந்து ஜூலை 16 வரை 56 ஆட்டங்களில் ஒன்றில்கூட ஹிட் (பந்தை அடித்துப் பேஸைச் சேர்வது) இல்லாமல் அவர் வீடு திரும்பவில்லை. ஜூலை 17 அன்று கிளீவ்லாந்தில் 67,468 பேர் முன்னிலையில், மூன்றாம் பேஸில் நின்ற கென் கெல்ட்னர் கோட்டோரம் பறந்த இரண்டு பந்துகளைப் பாய்ந்து பிடித்து அவரைத் தடுத்தார். மறுநாள் தொடங்கி டிமாஜியோ இன்னும் 16 ஆட்டங்களில் ஹிட் அடித்தார். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் எட்வர்ட் பர்செல் பேஸ்பாலின் எல்லாத் தொடர்களையும் சலித்துப் பார்த்து, தற்செயலுக்கு அடங்காத தொடர் இது ஒன்றுதான் என்று கண்டதாக ஸ்டீபன் ஜே கூல்ட் 1988-ல் எழுதினார். இருபது ஆண்டு கழித்து சாமுவேல் ஆர்பெஸ்மனும் ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸும் பேஸ்பாலின் முழு வரலாற்றையும் கணினியில் 10,000 முறை மறுபடி ஆடவிட்டார்கள். நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்ட வரலாறுகளில் யாரோ ஒருவர் 56-ஐ எட்டினார். அந்த யாரோ பெரும்பாலும் டிமாஜியோ அல்ல என்பதுதான் வேடிக்கை.

சரிவைப் பற்றி ஆய்வுக்கட்டுரைகளைவிட கில் ஹாட்ஜஸின் கதை நிறையச் சொல்கிறது. புரூக்ளின் டாட்ஜர்ஸின் முதல் பேஸ் வீரர். ஊரே கொண்டாடிய மனிதர். 1952 உலகத் தொடரின் ஏழு ஆட்டங்களிலும் ஆடினார். 21 முயற்சி, ஒரு ஹிட் இல்லை. அடுத்த ஆண்டு மே மாதத்திலும் சரிவு விடவில்லை, சராசரி .200-க்குக் கீழே. வெயில் கொளுத்திய ஒரு ஞாயிறன்று புரூக்ளின் தேவாலயம் ஒன்றில் பாதிரியார், இந்தப் புழுக்கத்தில் பிரசங்கம் வேண்டாம், வீட்டுக்குப் போய்க் கட்டளைகளைக் கடைப்பிடியுங்கள், கில் ஹாட்ஜஸுக்காக ஒரு ஜெபம் சொல்லுங்கள் என்று சபையை அனுப்பிவைத்தார். மைதானத்தில் ரசிகர்கள் அவரைக் கூச்சலிட்டுக் கேலி செய்யவில்லை. கடிதங்களும் தாயத்துகளும் வீட்டுக்கு வந்து குவிந்தன.

இதற்கிடையில் மேலாளர் சார்லி டிரெசன் ஒரு காரியம் செய்தார். ஹாட்ஜஸ் மட்டை சுழற்றுவதைப் படம் பிடித்து அவருக்கே போட்டுக் காட்டினார். பந்து வரும்போது முன்கால் பிட்ச்சரை நோக்கிப் போகாமல் மூன்றாம் பேஸ் பக்கம் ஒதுங்கியது படத்தில் தெரிந்தது. காலைத் திருத்தினார்கள். அந்தப் பருவத்தை ஹாட்ஜஸ் .302 சராசரி, 31 ஹோம் ரன்களோடு முடித்தார். அந்த ஆண்டு உலகத் தொடரில் .364. 1955-ல் டாட்ஜர்ஸ் முதன்முதலாக உலகத் தொடரை வென்ற ஏழாவது ஆட்டத்தின் இரண்டு ரன்களும் அவர் அடியில் வந்தவை. ஜெபத்துக்கு எவ்வளவு பங்கு, படச்சுருளுக்கு எவ்வளவு என்று புரூக்ளினில் கேட்டால் அடி விழுந்திருக்கும். ஆனால் 1952-ன் அந்த ஏழு ஆட்டங்களில் ஹாட்ஜஸ் ஐந்து வாக் வாங்கியிருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பயந்து கண்மூடித்தனமாக மட்டையை வீசியவருக்கு ஐந்து வாக் கிடைத்திருக்காது. எல்லோரும் மனதில் தேடிய கோளாறு காலில் இருந்தது.

எல்லாச் சரிவுக்கும் இப்படி மருந்து கிடைப்பதில்லை. 2013-ல் 53 ஹோம் ரன் அடித்த கிறிஸ் டேவிஸ், 16.1 கோடி டாலர் ஒப்பந்தத்தில் இருந்தபோது, 2018 இறுதியிலும் 2019 தொடக்கத்திலுமாக 54 முயற்சிகளில் ஒரு ஹிட்கூட இல்லாமல் நின்றார். 2019 ஏப்ரல் 13 அன்று பாஸ்டனில் அது உடைந்தது. அன்று மட்டும் மூன்று ஹிட். அதன் பிறகும் பழைய டேவிஸ் திரும்பவில்லை.

நிச்சயமின்மை எங்கே அதிகமோ அங்கே சடங்கும் அதிகம் என்று மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் கண்டார். அமைதியான காயலில் மீன் பிடிக்க மந்திரம் இல்லை. ஆழ்கடலுக்குப் போக மந்திரம் உண்டு. இளமையில் சிறு லீக்குகளில் ஆடிய ஜார்ஜ் கிமெல்ச் பின்னாளில் மானிடவியலாளராகி இதைப் பேஸ்பாலுக்குப் பொருத்தினார். பந்து பிடிப்பதில் வீரர்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றேழுக்கு மேல் சரியாகச் செய்கிறார்கள். அங்கே சடங்கு குறைவு. பேட்டிங்கில் நல்ல வீரரே பத்துக்கு ஏழு முறை தோற்கிறார். அங்கேதான் சடங்கு கொழிக்கிறது. வேட் பாக்ஸ் ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும் கோழி சாப்பிட்டார். இரவு ஆட்டங்களுக்கு முன் சரியாக 7:17-க்கு ஓட்டப் பயிற்சி. ஜேசன் ஜியாம்பியிடம் சரிவை முறிக்கும் தங்க நிற உள்ளாடை ஒன்று இருந்ததும், யாங்கீஸ் சகாக்கள் அதை இரவல் வாங்கி அணிந்ததும் செய்தித்தாளில் வந்த விஷயம். ஓக்லாந்தை விட்டு யாங்கீஸுக்குப் போன இந்த ஜியாம்பியின் இடத்தில்தான் ஹாட்டெபெர்க் வந்து நின்றார். இந்தச் சடங்குகளால் பந்துக்கு ஒன்றும் ஆகாது. ஆடுகிறவருக்குக் கை நடுக்கம் குறையலாம். யாருக்கும் நஷ்டமில்லை.

நஷ்டம் வருவது, தொடரைக் கண்டு பயந்து எடுக்கும் முடிவுகளில். மேலாளர் ஜீன் மாக் இதற்கு வாழ்நாள் சாட்சி. 1961-ல் அவருடைய ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸ் 23 ஆட்டங்களை வரிசையாகத் தோற்றது. இருபதாம் நூற்றாண்டில் அதைவிட நீண்ட தொடர் தோல்வி மேஜர் லீக்கில் இல்லை. ஜூலை 28-ல் கடைசி வெற்றியைப் பெற்றுத் தந்த ஜான் பஸார்டே ஆகஸ்ட் 20-ல் எறிந்து அதை முடித்துவைத்தார். மாக் அப்போது பொறுமையாக இருந்தார். இழப்பதற்கு எதுவும் இல்லை.

மூன்றே ஆண்டில் அதே ஃபில்லீஸ் லீக்கின் தலையில். 1964 செப்டம்பர் 20 அன்று 12 ஆட்டங்கள் மீதம், ஆறரை ஆட்ட முன்னிலை. உலகத் தொடருக்கு டிக்கெட்டே அச்சடித்தாகிவிட்டது. மறுநாள் சின்சினாட்டிக்கு எதிராக 0-0 என்று போய்க்கொண்டிருந்தபோது, மூன்றாம் பேஸில் நின்ற சிக்கோ ரூயிஸ் திடீரென்று ஹோம் பிளேட்டை நோக்கி ஓடிவந்து ரன்னைத் திருடினார். மட்டையோடு நின்றவர் அந்த அணியின் மிகச் சிறந்த பேட்டர், வேறு யாருமல்ல, அதே ஃபிராங்க் ராபின்சன். அவர் அடிக்க நிற்கும்போது ஓடுவது பைத்தியக்காரத்தனம். 1-0. ஃபில்லீஸ் அடுத்த இரண்டு நாளும் தோற்றது. நான்காவது நாள் சுழற்சியில் நம்பர் ஒன் பிட்ச்சர் ஜிம் பன்னிங் எறிந்தும் தோல்வி.

இங்கேதான் மாக் பயந்தார். அக்காலத்தில் பிட்ச்சருக்கு மூன்று நாள் ஓய்வு வழக்கம். செப்டம்பர் 25-ல் கிறிஸ் ஷார்ட்டை இரண்டே நாள் ஓய்வில் இறக்கினார். 12 இன்னிங்ஸ் போய்த் தோல்வி. 27-ல் பன்னிங், இரண்டு நாள் ஓய்வு, 14-8 தோல்வி. 28-ல் மறுபடியும் ஷார்ட், 30-ல் மறுபடியும் பன்னிங், இருவரும் இரண்டே நாள் ஓய்வில், இரண்டும் தோல்வி. பத்து ஆட்டங்கள் தொடர்ச்சியாகப் போயின. இதில் உந்தம் என்று சொல்லப்படுவதில் பாதி, களைத்த இரண்டு தோள்கள். தொடர் தோல்வியை எப்படியாவது இன்றைக்கே நிறுத்திவிட வேண்டும் என்ற அவசரம், அதை நிறுத்தக்கூடிய இரண்டு ஆட்களையும் தேய்த்துவிட்டது. ஷார்ட்டும் பன்னிங்கும் தொடங்கிய கடைசி இரண்டு ஆட்டங்களை ஃபில்லீஸ் வென்றது. மூன்று நாள் ஓய்வுக்குப் பிறகு எறிந்த பன்னிங், சின்சினாட்டியை 10-0 என்று சுருட்டினார். ஃபில்லீஸ் 92 வெற்றி, செயின்ட் லூயிஸ் 93.

மாக் 26 பருவங்கள் மேலாளராக இருந்தார். 1982-ல் கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸை வைத்து, ஐந்து ஆட்டங்கள் கொண்ட லீக் இறுதித் தொடரில் மில்வாக்கிக்கு எதிராக முதல் இரண்டையும் ஜெயித்தார். டாமி ஜான் ஒன்றை எறிந்தார், புரூஸ் கைசன் இன்னொன்றை. மூன்றாவது ஆட்டம் தோல்வி. நான்காவதுக்கு டாமி ஜானையும் ஐந்தாவதுக்கு கைசனையும், வழக்கமான நான்கு நாளுக்குப் பதில் மூன்று நாள் ஓய்வில், மாக் மறுபடியும் இறக்கினார். ஏஞ்சல்ஸ் இரண்டிலும் தோற்றது. நாற்பத்தெட்டே மணி நேரத்தில் தொடர் முடிந்திருந்தது.